பல்லக்குச் சேச்சி

வாசலில் டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே வருகிறவர்கள் முதலில் கேட்பது, "பல்லக்குச் சேச்சி எங்கே?" என்றுதான். கடிகார அறையின் முன்னால் நிற்கும் பிரசீதா வாயைத் திறக்காமல் இடது பக்கம் கையைக் காட்டுவாள். அவளுக்குப் பின்னால் சுவர் நிறையத் தொங்கும் கடிகாரங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் அவர்கள் அந்தப் பக்கம் போய்விடுவார்கள். சற்று நேரத்தில் அங்கிருந்து ரெஷ்மாவின் குரல் கேட்கும். பிறகு அமைதி. பிறகு யாரோ மூக்கை உறிஞ்சும் சத்தம்.

ஆறு வருஷமாக அந்த மியூசியத்தில் வேலை பார்க்கிறாள் பிரசீதா. அவள் பெயரை ஒருவரும் கேட்டதில்லை.

திருவனந்தபுரம் கோட்டைக்குள், அரச குடும்பத்தின் உறவினர்கள் ஒரு காலத்தில் குடியிருந்த பழைய வீடு அது. ஓர் அறக்கட்டளை அதை வாங்கி, ஓடு மாற்றி, பழைய பொருட்களை அறை அறையாக வைத்து டிக்கெட் போட்டிருந்தது. பெரிய கோயிலுக்கு வரும் தமிழ்நாட்டுக் கூட்டம், ரயிலுக்கு நேரமிருந்தால் இங்கேயும் நுழையும். தமிழும் மலையாளமும் ஒன்றுபோலப் பேசுகிற ஆள் வேண்டும் என்று மேனேஜர் ஞானசிகாமணி தேடியபோது பாறசாலைப் பக்கத்திலிருந்து பிரசீதா கிடைத்தாள். செங்கல் என்ற ஊரில் அவள் வீட்டுக்குள் பேசுவது தமிழ், படி இறங்கினால் மலையாளம். எது எங்கே முடிந்து எது தொடங்குகிறது என்று அவளுக்கே தெரியாது.

வேலையை அவள் சரியாகச் செய்தாள். எந்தப் பொருள் என்ன மரம், எந்தக் காலம், யார் கொடுத்தது என்பதெல்லாம் மனப்பாடம். கேட்டால் சொல்வாள். கேட்காவிட்டாலும் சொல்வாள். வந்தவர்கள் தலையை ஆட்டிக்கொண்டே போனில் படமெடுத்துவிட்டு அடுத்த அறைக்குப் போவார்கள். மியூசியம் என்றால் அப்படித்தான் என்று நினைத்திருந்தாள், ரெஷ்மா வரும்வரை.

ரெஷ்மாவைக் கொண்டுவந்து சேர்த்ததும் அவள்தான். அம்பூரி மலைக்காரி. செங்கலில் பிரசீதா வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி வாழ்க்கைப்பட்டு வந்தவள். கணவன் சானு கத்தாரில். நெய்யாற்றின்கரையில் ஒரு துணிக்கடையில் காலை முதல் இருட்டும்வரை நின்று நின்று காலில் நரம்பு புடைத்துப் போயிருந்தது. பிரசீதா இரக்கப்பட்டு மேனேஜரிடம் பேசினாள். "நல்ல பிள்ளையாக்கும் சார். நாலு வார்த்தை பேசத் தெரிஞ்சவ." அந்தக் கடைசி வாக்கியத்தைப் பிற்பாடு எத்தனையோ முறை நினைத்து நொந்துகொண்டாள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ரெஷ்மாவைக் கூட்டிக்கொண்டு எல்லா அறையும் காட்டினாள். பல்லக்கின் உள்பக்கம், உட்கார்ந்தால் கை படுகிற உயரத்தில், தேக்குப் பலகையில் ஆறு கீறல்கள் இருந்தன.

"இது எப்பிடி அக்கா?"

"அதை எதுக்குக் கேக்க? பெயின்ட் அடிக்க வந்தவனுவ சன்னல் கம்பியெல்லாம் கழத்தி இதுக்குள்ள கொண்டு போட்டானுவ. நான் பாத்து சத்தம் போடும்ப கீறியாச்சு. சாரு கடைசில எனக்க மேலதான் சாடினாரு."

இரண்டு பேரும் சிரித்தார்கள்.

ஒரு சனிக்கிழமை ராஜபாளையத்திலிருந்து ஒரு குடும்பம் வந்தது. அதில் ஒரு பெண் பல்லக்கினுள் எட்டிப் பார்த்துவிட்டு, இது என்ன கீறல் என்று கேட்டாள். அடுத்த அறையிலிருந்து பிரசீதா பதில் சொல்ல எட்டு வைத்தாள். ரெஷ்மா முந்திக்கொண்டாள்.

"அது ஒரு பெரிய சங்கதியாக்கும் அம்மா. நாஞ்சில் நாட்டுக்கும் தெக்கே, கடலோரத்து ஊருல இருந்து பன்னெண்டு வயசுப் பிள்ளையை இதுல ஏத்தி இந்த வீட்டுக்குக் கெட்டிக்கொண்டு வாறாங்க. திரை போட்டிருக்கு. வெளிய பாக்கக் கூடாது. அழவும் கூடாது, சத்தம் கேட்டா குடும்பத்துக்கு மானக்கேடு. அப்பம் அது என்ன செய்யும்? ஒரு ஆறு கடக்கும்ப கையில கெடந்த வளையலால பலகையில ஒரு கீறு கீறும். திரும்பி வீட்டுக்குப் போக வழி மறந்திரக் கூடாது பாருங்க. இது பழையாறு. இது வள்ளியாறு. இது குழித்துறையாறு. இது நெய்யாறு. இது கரமனையாறு. இது கிள்ளியாறு. அதுக்குப் பொறவு ஆறு கெடையாது. வீடு வந்தாச்சு."

ராஜபாளையத்துப் பெண் கையை உள்ளே விட்டு ஒவ்வொரு கீறலாகத் தடவினாள். தொடக்கூடாது என்று பலகை மாட்டியிருந்தது. ரெஷ்மா தடுக்கவில்லை. அந்தப் பெண்ணின் கண்ணிலிருந்து நீர் இறங்கியது. போகும்போது ரெஷ்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "உன் பேர் என்னம்மா?" என்று கேட்டாள்.

வாசல்படியில் நின்ற பிரசீதாவுக்கு நெஞ்சில் எதுவோ சுருக்கென்றது. பொய்யைக் கேட்ட கோபம் என்றுதான் அவள் அதற்குப் பெயர் வைத்துக்கொண்டாள்.

அன்று சாயந்தரம் ஊர் திரும்பும் ரயிலில் பிரசீதா கேட்டாள். "எதுக்கு மக்கா அப்பிடிக் கள்ளம் பறஞ்ச? கம்பி பட்டதுன்னு ஒனக்குத் தெரியுமே."

"கள்ளம் இல்லக்கா. கதையாக்கும்."

"மியூசியத்துல கதை சொல்லப்பிடாது."

"நீங்க கம்பின்னு பறஞ்சிருந்தா அந்த அம்மா அழுதிருக்குமா?"

"எதுக்கு அழணும்?"

ரெஷ்மா சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வண்டி நெய்யாற்றுப் பாலத்தில் ஏறியது. பிரசீதாவின் மனம் தானாக, 'நாலாவது' என்றது. பொய் என்று தெரிந்தவளுக்குள்ளேயும் அது ஏறி உட்கார்ந்துவிட்டது. அதன்பிறகு காலையும் மாலையும் அந்தப் பாலத்தைக் கடக்கும்போதெல்லாம் அவள் போனை எடுத்து எதையாவது பார்க்கத் தொடங்கினாள்.

கொல்லத்திலிருந்து ஒரு பையன் வீடியோ எடுத்துப் போட்டான். 'கண்ணீர் வரவழைத்த பல்லக்குச் சேச்சி' என்று தலைப்பு. செங்கல் முழுக்க அது பரவியது. மகேஸ்வரம் கோயிலில் பூக்கடை வைத்திருப்பவள் பிரசீதாவிடம், "நீங்க பல்லக்குச் சேச்சிக்க கூட வேலைபாக்குறவங்கதானே?" என்று கேட்டு, ஒரு முழம் பிச்சிப்பூவைக் கூடுதலாக வைத்துக் கொடுத்தாள். பிரசீதா அந்தப் பூவைச் சூடவில்லை. கோயில் மதில்மேல் வைத்துவிட்டு வந்தாள்.

வீட்டில் அவள் கணவன் அஜேஷ் சோற்றைப் பிசைந்துகொண்டே அந்த வீடியோவை மறுபடியும் ஓடவிட்டான். உதியன்குளங்கரையில் பைக் ஒர்க்ஷாப் வைத்திருப்பவன். அதிகம் பேசுகிற ஆள் இல்லை.

"நல்லா பறயுதா, இல்லியா?"

"அது முழுக்கக் கள்ளம்."

"ஆயிருக்கும். ஆனாலும் கேட்டுட்டு இருக்கலாம்." பிறகு குழம்பை ஊற்றிக்கொண்டே சொன்னான். "ஒனக்கு அது வராது. நீ எல்லாத்தையும் கணக்குப் பறயுது மாதிரி பறஞ்சிருவ."

அவன் குத்திக்காட்டவில்லை. பைக்கின் கேரியரில் பெட்ரோல் ஊற்ற முடியாது என்பதுபோலச் சாதாரணமாகச் சொன்னான். அதனால்தான் அவளால் தாங்க முடியவில்லை. பாத்திரம் கழுவும்போது ஒரு தட்டு கைதவறி விழுந்தது. பிறகு இன்னொன்றை அவளே கீழே போட்டாள்.

தனக்கும் வரும் என்று காட்ட அவளுக்கு ஆசை வந்தது. கடிகார அறையில் முள் நின்றுபோன ஒரு பெரிய ஆங்கிலேயக் கடிகாரம் இருந்தது. இரண்டு நாள் யோசித்து அதற்கு ஒரு கதை செய்தாள். மதுரையிலிருந்து வந்த ஒரு கூட்டத்தை மறித்து நிறுத்தி, இந்த வீட்டுப் பெரியவர் இறந்த அந்த நொடியிலேயே இது நின்றுபோனது, அதற்குப் பிறகு யார் சாவி கொடுத்தும் ஓடவில்லை என்றாள். சொல்லும்போதே குரல் நடுங்கியது.

"மெஷின்ல தூசி அடைஞ்சிருக்கும்," என்றார் கூட்டத்தில் ஒருவர். "பெரியவர் என்ன வியாதில போனாரு?"

அவள் அதை யோசித்து வைத்திருக்கவில்லை. "நெஞ்சு வலி," என்றாள். பிறகு, "காய்ச்சல்," என்றாள். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, பல்லக்கு எந்தப் பக்கம் என்று கேட்டார்கள்.

அன்றிலிருந்து ரெஷ்மாவோடு பேசுவது குறைந்தது. ரெஷ்மா வீட்டில் வறுத்த கிழங்கு கொண்டுவந்து நீட்டினால், வயிறு சரியில்லை என்பாள். ரெஷ்மா புதுச் சுடிதார் போட்டுவந்தால் அதன் நிறம் மங்கிவிடும் என்பாள். கூட்டம் இல்லாத நாட்களில் மட்டும் அவளுக்குள் ஒரு நிம்மதி பரவும். அந்த நிம்மதியைத் தானே கண்டுபிடித்து, தானே வெறுப்பாள்.

ஓணத்துக்கு முன்னால் ஞானசிகாமணி இரண்டு பேரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். நெய்யாற்றின்கரைக்காரர், பழைய சரித்திர ஆசிரியர். டிக்கெட் விற்பனை கூடியதில் அவருக்கு ஏக மகிழ்ச்சி. பல்லக்கு அறையில் ஒரு பெரிய பலகை வைக்கப்போவதாகச் சொன்னார். அந்தச் சிறுமியின் படம் வரைந்து, கதையை மூன்று மொழியில் எழுதி, கீழே 'சொன்னவர்: ரெஷ்மா' என்று போடுவார்களாம்.

"நீங்க இந்த விவரம் எங்கருந்து எடுத்தீங்க, ரெஷ்மா? ஒரு ஆதாரம் எழுதணும்."

"பழைய ஆளுக பறஞ்சு கேட்டது சார்," என்றாள் ரெஷ்மா. சொல்லிவிட்டு ஒரு கணம் பிரசீதாவைப் பார்த்தாள்.

பிரசீதா அப்போதே சொல்லியிருக்கலாம். அறையில் மூன்று பேர்தான் இருந்தார்கள், கதவு சாத்தியிருந்தது. அவள் சொல்லவில்லை. அந்த இடம் போதாது என்று அவளுக்குத் தோன்றியது.

மறுநாள் கோவில்பட்டியிலிருந்து ஒரு பஸ் நிறைய ஆட்கள் வந்தார்கள். பல்லக்கு அறையில் நிற்க இடமில்லை. ரெஷ்மா நெய்யாறு வரைக்கும் வந்துவிட்டாள். ஒரு வயதான அம்மா முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு நின்றாள். பிரசீதா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"நான் ஒண்ணு சொல்லட்டா," என்றாள். குரல் இந்த முறை நடுங்கவில்லை. "இவ பறயுது ஒண்ணும் நெஜமில்ல. இது சன்னல் கம்பி பட்ட கீறல். ரெண்டு வருஷத்துக்கு முன்னால பெயின்ட் அடிக்க வந்தவனுவ போட்டது. நான் இஞ்ச நின்னு என் கண்ணால பாத்தேன்."

ரெஷ்மா கீறல்மேல் வைத்திருந்த விரலை எடுத்தாள். மறுத்துப் பேசுவாள், அழுவாள் என்று பிரசீதா எதிர்பார்த்தாள். அவள் வெறுமனே நின்றாள்.

அந்த வயதான அம்மா முந்தானையை வாயிலிருந்து எடுத்தாள். ரெஷ்மாவைப் பார்க்கவில்லை, பிரசீதாவைப் பார்த்தாள். கோபமில்லாமல், பக்கத்து வீட்டுக்காரியிடம் கேட்பதுபோலக் கேட்டாள். "ஏம்மா, ஒனக்கும் அந்தப் பிள்ளைக்கும் என்ன மனத்தாங்கல்?"

பிரசீதாவின் முகம் எரிந்தது. அத்தனை பேரும் கீறலை விட்டுவிட்டுத் தன்னையே பார்ப்பதாகத் தோன்றியது. ஆறு வருஷத்தில் முதல் முறையாக ஒரு கூட்டம் முழுவதும் அவளைப் பார்த்தது.

ஞானசிகாமணி விசாரித்தார். ரெஷ்மா எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டாள். "நானா உண்டாக்கினதாக்கும் சார்." அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். பலகைக்குப் படம் வரைய ஆளுக்கு முன்பணம் வரை கொடுத்தாகிவிட்டது. கடைசியில், பலகை கிடையாது, இனிமேல் அட்டையில் எழுதியிருப்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசக்கூடாது, இருவரும் அறையை மாற்றிக்கொள்ளுங்கள் என்றார். பிரசீதா வெளியே போகும்போது அவளை மட்டும் நிறுத்தி, "இதை நேத்து எனக்கிட்ட பறஞ்சிருக்கலாமே," என்றார்.

பல்லக்கு அறை அவளுக்குக் கிடைத்தது. வீடியோ பார்த்துவிட்டு வருகிறவர்கள் அவளைப் பார்த்ததும், "நீங்க இல்லையே," என்றார்கள். அவள் தேக்கு, நூற்றாண்டு, நன்கொடை என்று சொன்னாள். கீறலைக் கேட்டால் கம்பி என்றாள். அவர்கள் ஏமாற்றப்பட்டவர்கள்போல வெளியேறினார்கள்.

அது போகட்டும், பொய் நின்றதே என்று அவள் தன்னைத் தேற்றிக்கொண்டாள். ஆனால் சில நாளில் கடிகார அறையில் சத்தம் கேட்கத் தொடங்கியது. எட்டிப் பார்த்தாள். ரெஷ்மா கதை ஒன்றும் சொல்லவில்லை. அட்டையில் இருந்ததை ஒரு வரி படித்துவிட்டு, "இதுபோல ஒண்ணு ஒங்க வீட்டுல உண்டா?" என்று கேட்டாள். அவ்வளவுதான். ஒரு பெரியவர், தன் மாமனார் வரதட்சணையாகக் கொடுத்த சுவர்க்கடிகாரம் எப்போதும் கால்மணி நேரம் முந்தியே ஓடியதையும், அதனால் தான் ஒருநாளும் பஸ்ஸைத் தவறவிடாததையும் சொன்னார். ஒரு பெண், அப்பா வீட்டில் இல்லாதபோது முள்ளைத் திருப்பி வைத்து விளையாட நேரம் சம்பாதித்ததைச் சொன்னாள். அறை சிரித்தது. ரெஷ்மா நடுவில் நின்று ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பிரசீதா அந்தக் கடிகாரங்களோடு ஆறு வருஷம் இருந்தவள். ஒருவரிடமும் அப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. பொய்யை எடுத்துவிட்டால் ரெஷ்மாவிடம் ஒன்றும் மிச்சமிருக்காது என்று நினைத்திருந்தாள். இப்போது பார்த்தால் எடுத்தது ரெஷ்மாவின் சரக்கில் ஒரு சிறு பொட்டலம்தான். பொறாமை முன்னைவிட ஆழமாக இறங்கியது. இப்போது அதற்குப் பொய்யின் மேல் கோபம் என்று பெயர் வைக்கவும் வழியில்லை.

ரயிலில் ரெஷ்மா வேறு பெட்டியில் ஏறத் தொடங்கியிருந்தாள். துலாமாத மழையில் ஒரு சாயந்தரம் நேமத்தில் வண்டியைப் பிடித்துப் போட்டார்கள். இரண்டாவது பாதை வேலை நடக்கிறதாம், எப்போது எடுப்பார்கள் என்று தெரியாது. பெட்டிக்குள் புழுக்கம் தாங்காமல் பிரசீதா பிளாட்பாரத்தில் இறங்கினாள். ஒழுகாத ஒரே பெஞ்சில் ரெஷ்மா உட்கார்ந்திருந்தாள். நகர்ந்து இடம் விட்டாள்.

பிரசீதா ஓரமாக உட்கார்ந்தாள்.

"அந்தப் பிள்ளை ஆருன்னு ஒருக்காலும் கேக்கல்லியே அக்கா," என்றாள் ரெஷ்மா.

"எந்தப் பிள்ளை?"

"பல்லக்குல வந்தது." அவள் குரலில் ஏற்ற இறக்கம் எதுவும் இல்லை. "நானாக்கும். காலேஜ்ல முதல் வருஷம் சேந்து மூணு மாசம். கல்யாண ஆலோசனை வந்துது, நல்ல எடம்னாங்க. கல்யாணத்தன்னைக்கு அம்பூரியில இருந்து காருல கொண்டு வாறாங்க. ரெண்டு பக்கமும் அவங்க ஆளுக. அழுதா மேக்கப் போயிரும், அழாதேன்னு ஒரு அம்மா பறயுதா. நான் சீட்டுல கைய வச்சு, மோதிரத்தால அந்த ரெக்ஸினைக் கீறிட்டே வந்தேன். எத்தனை வளைவு, எந்த முக்கு, எல்லாம் ஓர்மை வைக்கணும்னு. செங்கல் வந்து எறங்கும்ப பாத்தா ஒரு சாண் பஞ்சு வெளிய வந்திருக்கு. காருக்காரன் சானுவுக்க கிட்ட அதுக்குக் காசு வாங்கினான்."

பிரசீதாவுக்கு அந்த நாள் நினைவிருந்தது. அக்கம்பக்கத்துப் பெண்களோடு அவளும் வாசலில் நின்றிருந்தாள். "நீ சிரிச்சிட்டுதானே எறங்கின?"

"போட்டோக்காரன் நின்னானே."

பிரசீதா ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும். அது அவளுக்குத் தெரிந்தது. ஆனால் உள்ளே எழுந்தது வேறு. அவள் கல்யாணம் ஊர் மகேஸ்வரம் கோயிலில் நடந்தது. வீட்டிலிருந்து நடந்தே போனாள். அஜேஷை அவளுக்கு முன்பே பிடித்திருந்தது. பந்தியில் பாயசம் தீர்ந்துபோனதைத் தவிர ஒரு குறையும் இல்லை. இத்தனை நாள் அதை அதிர்ஷ்டம் என்று நினைத்திருந்தாள். இப்போது இந்த ஈரப் பெஞ்சில், ரெஷ்மாவிடம் சொல்வதற்கு ஒரு துக்கம் இருக்கிறது, தன்னிடம் அதுகூட இல்லை என்று மனம் புகைந்தது. இன்னொருத்தியின் துக்கத்தைக் கேட்டும் வயிறெரிகிறவள் ஆகிவிட்டோமே என்று அவளுக்குப் பயமாக இருந்தது.

"எனக்கு ஒன்னைக் கண்டா பொறாமையாக்கும்," என்றாள். சொல்லிவிட்ட பிறகுதான் சொன்னது தெரிந்தது.

"தெரியும் அக்கா."

"ஆளுக முன்னால வச்சு அப்பிடிச் செய்திருக்கப்பிடாது."

"எனக்கிட்ட தனியா பறஞ்சிருந்தா நான் நிறுத்தியிருப்பேன்."

"நீ நிறுத்தியிருக்க மாட்ட."

"இல்லதான்," என்றாள்.

வண்டி ஊதியது. இருவரும் ஒரே பெட்டியில் ஏறினார்கள். ஆனால் பழையபடி எதுவும் ஆகிவிடவில்லை. ஒருவருக்கு ஒருவர் இடம் பிடித்து வைத்தார்கள், கிழங்கு பகிர்ந்துகொண்டார்கள், பேச்சில் ஒரு ஜாக்கிரதை இருந்துகொண்டே இருந்தது.

தைமாதம் ரெஷ்மா வேலையை விட்டாள். கடிகார அறையில் அவள் பேச்சைக் கேட்டுக்கொண்டு நின்ற ஒரு அம்மாள், வழுதக்காட்டில் புதிதாகத் திறந்த ஓவியக்கூடத்தின் சொந்தக்காரி. வருகிறவர்களோடு பேச ஆள் வேண்டும் என்று, இரட்டைச் சம்பளத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். தான் அன்று கூட்டத்தில் போட்டுடைக்காமல் இருந்திருந்தால் ரெஷ்மா கடிகார அறைக்கே போயிருக்க மாட்டாள், இந்த வேலையும் வந்திருக்காது. இதை யோசித்து யோசித்துப் பிரசீதா பல இரவு தூங்கவில்லை.

மியூசியத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை. ரெஷ்மா பலமுறை கூப்பிட்டதால் பிரசீதா ஒரு திங்களன்று அஜேஷோடு பைக்கில் அந்த ஓவியக்கூடத்துக்குப் போனாள். ரெஷ்மா ஓடிவந்து கையைப் பிடித்தாள். வெள்ளைச் சுவர், ஏசி, சுவருக்கு ஒன்றிரண்டு படம். பத்துப் பதினைந்து பேர் வந்திருந்தார்கள். ரெஷ்மா அவர்களை ஒரு படத்தின் முன்னால் நிறுத்தினாள். ஒரு வீட்டு முற்றம், சாய்வு நாற்காலி, அதன்மேல் விரித்துப் போட்ட ஒரு துண்டு. ஆள் யாரும் இல்லை.

"இதுல இருந்து ஆரு எந்திரிச்சுப் போயிருப்பாங்க?" என்று கேட்டாள். முதலில் மலையாளத்தில், பிறகு இவர்களைப் பார்த்துத் தமிழில்.

ஒரு பெண், டீச்சர் என்றாள். ஒரு பையன், தூங்கி எழுந்த பூனை என்றான். பிறகு, பிரசீதாவுக்குப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"எனக்க அப்பா," என்றான் அஜேஷ்.

பிரசீதா திரும்பினாள். அவன் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"காரக்கோணம் ஆஸ்பத்திரிக்குப் போக ஆட்டோ வந்து நிக்குது. அப்பா எந்திரிச்சு, தோள்ல கெடந்த தோர்த்த எடுத்து நாற்காலியில விரிச்சாரு. வெயிலு வந்தா நாற்காலி சுடும், வந்து இருக்கணுமேன்னு பறஞ்சாரு. பின்ன வரல்ல. அந்தத் தோர்த்து அங்கயே கெடந்துது. காலத்த எந்திரிச்சதும் நான் அதைத்தான் பாப்பேன். பொறவு ஒருநாளு வீட்டுல தொவச்சு மடிச்சு வச்சிற்றாங்க."

துவைத்து மடித்து அலமாரியில் வைத்தவள் பிரசீதாதான். மாமனார் செல்லசாமியின் காரியம் முடிந்த மறுநாள், வீடு சுத்தம் செய்தபோது, அழுக்காகக் கிடக்கிறதே என்று எடுத்தாள். அஜேஷ் அப்போது ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு இத்தனை வருஷமும் சொல்லவில்லை. இப்போது ரெஷ்மாவிடம் சொல்கிறான்.

ரெஷ்மா தலையசைத்தாள். பிறகு, "அக்காவுக்கு?" என்று கேட்டாள்.

"எனக்கொண்ணும் தோணல்ல," என்றாள் பிரசீதா.

அடுத்த படத்துக்கும், அதற்கடுத்த படத்துக்கும் போனார்கள். ரெஷ்மா நன்றாகத்தான் செய்தாள். மியூசியத்தில் செய்ததைவிட நன்றாகவே செய்தாள். அது பிரசீதாவுக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் கடைசிப் படம்வரைக்கும் நின்று கேட்டாள். கிளம்பும்போது, "கொள்ளாம் மக்கா," என்றாள். ரெஷ்மாவின் முகம் மலர்ந்ததைப் பார்க்காமல் செருப்பு மாட்டக் குனிந்துகொண்டாள்.

பாலராமபுரத்தில் வழக்கம்போல வண்டிகள் முட்டிக்கொண்டு நின்றன. லாரிக்குப் பின்னால் பைக்கை நிறுத்தி அஜேஷ் ஒரு காலை ஊன்றினான்.

"அப்பாவுக்க காரியம் எனக்கிட்ட எதுக்குப் பறயல்ல?" என்றாள்.

"நீ கேக்கல்லியே."

லாரி கொஞ்சம் நகர்ந்தது, மறுபடியும் நின்றது. அவன் முதுகை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்பம் கேக்கேன். பறயுங்க."

"என்னத்தைப் பறய?"

"அன்னைக்கு வேற என்ன பறஞ்சாரு? அவளுக்கிட்ட பறயாதது எதாவது இருக்கும் இல்லியா?"

அஜேஷ் சிரித்தானா என்று தெரியவில்லை. நெரிசல் விட்டு வண்டி வேகம் எடுத்தபோது அவன் பேசத் தொடங்கியிருந்தான். ஆட்டோவில் ஏறியதும் அப்பா செருப்பை மாற்றிப் போட்டுவிட்டதாகச் சொன்னது, அமரவிளை தாண்டும்போது தண்ணீர் கேட்டது. ஹெல்மெட்டுக்குள்ளிருந்து வந்த குரலில் பாதி காற்றில் போயிற்று. அவள் இன்னும் முன்னால் சாய்ந்து, அவன் தோளில் தாடை இடிக்க, ஒரு சொல்லும் தவறாமல் கேட்கப் பார்த்தாள். ரெஷ்மாவிடம் சொன்னதைவிட ஒரு வார்த்தையாவது கூடுதலாகத் தனக்கு வேண்டும்.